கழிமுகத்துக் கொடிமரம்

கார்த்திகை 2, செவ்வாய்

பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, கிசுகிசுப்புதான் குரல்நாணைக் கூடுதலாகக் கெடுக்குமாம். தஞ்சை மருத்துவர் இதைச் சொல்லிவிட்டு, புரிந்ததா என்று கேட்டார். புரிந்தது என்று வாய் திறந்தேன். கையால் என் வாயைப் பொத்தினார்.

தொண்டையில் சிறு தடிப்பு. அறுத்து எடுத்தாயிற்று. எடுத்த துணுக்கை ஆய்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எல்லோருக்கும் அனுப்புவதுதான், அதில் எண்ண ஒன்றுமில்லை.

நகரில் இருந்தால் இயக்கத் தோழர்கள் வருவார்கள், பேச வேண்டிவரும். ஆகவே கொற்றவன்துறைக்கு, தங்கை பட்டம்மாள் வீட்டுக்கு வந்துவிட்டேன். வாயில் அடைபட்ட சொல் எங்கேனும் வடிந்தாக வேண்டும். அதற்கு இந்தக் குறிப்பேடு.

வாயிலிலேயே பட்டம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பேசாத அண்ணன இப்பத்தான் பாக்குறன். நல்லாத்தான் இருக்க" என்றாள். பிறகு உள்ளே போய் வெகுநேரம் அடுப்பை ஊதினாள். அது உருளை வைத்த எரிவளி அடுப்பு.

கார்த்திகை 4, வியாழன்

தங்கையின் கணவன் வைரக்கண்ணு விசைப்படகு வைத்திருக்கிறான். என் இயக்கத்துக்கு நேர் எதிரான கட்சியில் இருக்கிறான். இவ்வளவு காலமாக என் முன்னே வாய் திறக்க இயலாதவனுக்கு இது அறுவடைக் காலம்.

"மச்சான், உங்களுக்கு எதிரா பேசணும்னு வருசக்கணக்கா சேத்து வச்சிருக்கன். வசமா மாட்டுனீங்க" என்று சோற்றின் முன் அமர்ந்தவன், மீன்குழம்பு ஆறும்வரை என் தலைவர்களை ஒவ்வொருவராக எடுத்து உரித்தான். நான் மறுப்பை ஒரு தாளில் எழுதி நீட்டினேன். வாங்கிப் படித்தான், திருப்பிப் பார்த்தான், பட்டம்மாளிடம் கொடுத்தான்.

"இத படிக்க பள்ளிக்கூடத்துலேருந்து வாத்தியார கூட்டியாரணும் புள்ள."

"சோத்தத் தின்னுய்யா" என்றாள் அவள்.

கார்த்திகை 5, வெள்ளி

மாலையில் வைரக்கண்ணுவுடன் கடற்கரைக்குப் போனேன். ஆறு கடலில் விழும் வாய்தான் இவ்வூரின் கதவு. விசைப்படகுகள் எல்லாம் அதன் வழியாகவே போகும், வரும். வாயின் இருமருங்கிலும் நீருக்கடியில் மணல்மேடுகள் கிடக்கின்றன. நடுவில் ஒடுக்கமான ஓர் ஆழம். கரையிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே நீர். மேட்டில் மட்டும் அலை உடைந்து வெண்மையாகும். ஆழத்தில் உடையாமல் சுருண்டு உள்ளே வரும். நீர் வடியும் வற்றத்தில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும், நீர் உயரும் ஏற்றத்தில் மறைந்துவிடும்.

"அப்பறம் எப்படி வாறீங்க?" என்று கையால் கேட்டேன்.

அவன் சிரித்தான். கரையில் நிற்கும் எங்கள் இயக்கக் கொடிமரத்தைக் காட்டினான். பிறகு அதற்குப் பின்னே ஊருக்குள் உயர்ந்து நிற்கும் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினான்.

"கடல்லேருந்து பாக்கயில கொடிமரமும் தொட்டியும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா ஒட்டி நிக்கணும். நின்னா ஆழத்துல இருக்கோம். கொடி வெலகுனா நாம வெலகிட்டோம். சொன்னா வெக்கக்கேடு மச்சான், உங்க கொடியப் பாத்துத்தான் எங்க கட்சிக்காரன் அம்புட்டுப் பேரும் கர சேர்றான்."

அந்தக் கொடிமரத்தை நாட்டிய நாளில் பேசியவன் நான். அடியில் மூன்று படிக்கட்டு, காரைப்பூச்சு, கல்வெட்டு. கல்வெட்டில் 'சொல்லேர் உழவர் அறவாழி' என்று என் பெயர். இத்தனை ஆண்டும் எதிர்க்கட்சியினர் அதை அண்ணாந்து பார்த்துத்தான் வீடு திரும்பியிருக்கிறார்கள் என்பதை ஒரு கூட்டத்திலேனும் சொல்லியிருக்கலாமே என்று மனம் அடித்துக்கொண்டது. இப்போது சொல்ல வாயில்லை.

கார்த்திகை 9, செவ்வாய்

புயல் எச்சரிக்கை. சிறு படகுகளை இழுவை வண்டி கட்டி மேட்டில் ஏற்றினார்கள். விசைப்படகுகளை ஏற்ற முடியாது. ஆற்றில் கட்டினால் ஒன்றோடொன்று மோதி உடையும். ஆகவே ஆறு படகுகளும் வடக்கே உள்ள துறைமுகத்துக்குப் புகலிடம் தேடிப் போயின. வைரக்கண்ணுவும் போனான்.

"கடல் அடங்குனதும் வந்துருவன். அதுவரைக்கும் மச்சான் வாயத் தொறக்காம பாத்துக்க" என்று பட்டம்மாளிடம் சொன்னான்.

மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தது. ஆய்வு முடிவு வந்துவிட்டதாம், நேரில் வர வேண்டுமாம். பட்டம்மாள்தான் எடுத்தாள். புயல் கழிந்து போகலாம் என்று தாளில் எழுதிக் காட்டினேன். அவள் அந்தத் தாளை மடித்து மடித்துச் சிறிதாக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கார்த்திகை 11, வியாழன்

காற்று. வேறொன்றும் இல்லை.

கார்த்திகை 12, வெள்ளி

ஊர் பிழைத்தது. கூரைகள் பறந்தன, உயிர் போகவில்லை. மின்கம்பங்களும் செல்பேசிக் கோபுரமும் ஒயர்லெஸ் நிலையத்தின் கம்பமும் சாய்ந்துவிட்டன. பாலத்தின் மேல் வெள்ளம் போகிறது.

ஆனால் கரையை அடையாளம் தெரியவில்லை. முந்தாநாள் வரை மணல் சரிந்து இறங்கிய இடத்தில் இப்போது ஆளுயரச் செங்குத்து வெட்டு. மணல் முழுவதையும் கடல் வாரிக்கொண்டு போய்விட்டது. வெட்டுக்குக் கீழே கறுத்த களிமண்ணும், என் பாட்டன் காலத்திலோ அதற்கும் முன்போ நின்று மடிந்த பனைகளின் அடிக்கட்டைகளும் வெளிப்பட்டுக் கிடக்கின்றன. கொடிமரம் நிற்கிறது. அதன் கீழ்ப்படியின் ஒரு பக்கத்தில் மண்ணில்லை. ஆயினும் நிற்கிறது. பெருமையாக இருந்தது, எழுதுவதற்கென்ன.

வாரிய மணல் எங்கே போயிற்று என்பது நண்பகல் வற்றத்தில் தெரிந்தது. கொடிமரத்துக்கு நேரெதிரே, ஆழம் இருக்க வேண்டிய இடத்தில் அலை உடைந்தது. இடுப்புவேட்டியை வரிந்து கட்டி இறங்கினேன். இந்த நீரில் பிறந்து வளர்ந்தவன் நான், காலுக்கு மறக்கவில்லை. தலை முழுக வேண்டிய இடத்தில் நீர் முழங்காலுக்கு நின்றது. பழைய மேடாக இருந்தால் அடியில் மணல் வரிவரியாக இறுகியிருக்கும். இது வேறு: பொதபொதவென்று, கால் வைத்தால் கணுக்கால் வரை இழுக்கும் புதுமணல். கரையிலிருந்து அலை தோண்டியது, ஆறு வெள்ளத்தில் தள்ளியது, இரண்டும் வாயில் எதிரெதிரே மோதி இங்கே இறங்கிவிட்டன. வடக்கே வாயைக் காத்துக் கிடந்த கருங்கற்களையும் கடல் உருட்டிவிட்டிருந்தது.

அடைபட்ட ஆறு சும்மா இருக்குமா? தெற்கே முட்டி, புதிதாக ஒரு வாய் கிழித்துக்கொண்டிருந்தது. பட்டம்மாளும் வேறு சில பெண்களும் நீண்ட கழிகளோடு வந்து அதன் ஓரம் முழுவதும் ஊன்றிப் பார்த்தார்கள். நல்ல ஆழம்; படகு தாராளமாக வரும். கொடிமரத்திலிருந்து கூப்பிடு தொலைவு தெற்கே.

"வாடக்காத்து அடிக்கிற வரைக்கும் மணலு தெக்க தெக்க நவுரும். அதோட வாயும் நவுரும்" என்றாள் ஒருத்தி.

பட்டம்மாள் கொடிமரத்தையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"அண்ணே, அவரு அந்தக் கொடியப் பாத்துத்தான் வருவாரு."

ஏற்றத்தில் வந்தால் மேடு தெரியாது. முழு விசையில் வந்து முட்டினால் அடுத்த அலை படகைக் குறுக்கே திருப்பும், அதற்கடுத்தது கவிழ்க்கும். செய்தி சொல்ல வழியில்லை. துறைமுகத்துக்கு மிதிவண்டியில் புறப்பட்டவர்கள் பாலத்தைத் தாண்ட முடியாமல் திரும்பிவிட்டார்கள்.

கார்த்திகை 14, ஞாயிறு

ஊர்க்கூட்டம். கொடிமரம் பொய் சொல்கிறது, அதை இறக்க வேண்டும் என்பதில் ஒருவருக்கும் ஐயமில்லை. யார் இறக்குவது என்பதில்தான் கூட்டம் நின்றுவிட்டது.

எங்கள் கிளைச் செயலாளர் தில்லையன் துண்டை உதறித் தோளில் போட்டான். "எதுல வேணும்னாலும் கை வைங்க. கொடியில எவனாச்சும் கை வச்சா ஊரு ரெண்டாயிரும், சொல்லிட்டன்."

"நாங்க ஏன்யா தொடுறோம்?" என்றார் எதிர்த்தரப்பில் ஒருவர். "நாங்க தொட்டா, புயல சாக்கு வச்சு கொடிய புடுங்கிட்டானுவோன்னு ஊர் ஊரா சொவரொட்டி ஒட்டுவீங்க. போன தடவ ஒரு கயிறு அவுந்ததுக்கே ஸ்டேசன்ல ரெண்டு நாள் ஒக்காந்தோம்."

எல்லாக் கண்களும் என்னை நோக்கின. எனக்காகத்தான் இறைவன் இப்படி ஒரு மேடையை அமைத்தான் என்று சொல்லலாம். எனக்கு இறைநம்பிக்கை இல்லை. தாளை எடுத்தேன், எழுதினேன். தில்லையன் வாங்கி, தொண்டையைச் செருமி, என் குரலிலேயே படிக்கத் தொடங்கினான். அவன் என்னைப் போலவே பேசுவான் என்று எனக்கு இதுவரை தெரியாது.

"கடலை உழுது வாழும் என் உடன்பிறப்புகளே! காற்றுக்கு வளையாமல், கடலுக்குக் குனியாமல், புயல் வந்து புரட்டிய கரையிலே புண்பட்டும் வீழாமல் நிற்கிறதே, அது வெறும் இரும்புக் கம்பமா? அல்ல! நம் நெஞ்சின் நிமிர்வு!"

சீழ்க்கை பறந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். எதிர்க்கட்சியினர் முணுமுணுத்துக்கொண்டு எழுந்தார்கள். தில்லையன் கண்கலங்கித் தாளை இரண்டு கண்களிலும் ஒற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். கூட்டம் வாழ்த்து முழக்கத்தோடு கலைந்தது.

'ஆயினும் அதை இன்றே இறக்குவோம்' என்பது தாளின் மறுபக்கத்தில் இருந்தது.

தில்லையனின் சட்டையைப் பிடித்து இழுத்துத் தாளைத் திருப்பிக் காட்டினேன். அவன் படித்தான். முகம் வெளிறியது. "இதச் சொல்றதுக்கா அண்ணே அத்தன எழுதுனீங்க?" என்றான். கேட்பதற்கு அவனைத் தவிர அங்கே யாரும் மிஞ்சவில்லை.

பட்டம்மாள் வீட்டில் கஞ்சியை என் முன் வைத்தாள். அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

"ஒரு தாள் எழுதச் சொன்னா மாநாடு நடத்திட்டு வந்துருக்கியே, அண்ணே."

கார்த்திகை 15, திங்கள்

விடிந்தபோது கடல் அடங்கியிருந்தது. இன்று வந்துவிடுவார்கள் என்று இந்த ஊரில் பிறந்த எவரும் சொல்வார்கள்.

கடப்பாரையோடு போனேன். கடல் தின்ற பக்கத்திலிருந்து தொடங்கினேன். முதல் குத்து கல்வெட்டின் மேல் விழுந்தது. குறிபார்த்தெல்லாம் குத்தவில்லை, அது அங்கேதான் பதிந்திருந்தது.

தில்லையன் ஓடிவந்தான். "அண்ணே! அண்ணே, நீங்க பேசுனா ஒரு வார்த்த எதுத்துப் பேச மாட்டன். இப்படிப் பேசாம இடிக்கிறீங்களே, நான் என்னன்னு எடுத்துக்கறது?" நான் இடித்துக்கொண்டே இருந்தேன். பட்டம்மாள் இன்னொரு கடப்பாரையோடு வந்து எனக்கு எதிர்ப்பக்கம் நின்றாள். எதிர்க்கட்சியினர் வந்து, தொடுவதற்கு அஞ்சி, தள்ளி வரிசையாகக் குந்தினார்கள். "அந்த மூலைய நெம்புங்க, சீக்கிரம் வரும்" என்று மட்டும் அங்கிருந்தே சொன்னார்கள். மூலையை நெம்பினோம். வந்தது.

கம்பம் சாயும் நேரத்தில் தில்லையன் பாய்ந்து அதைத் தோளில் வாங்கினான். மணலில் படாமல் கொடியை அவிழ்த்தான். அவன் அழுதான் என்று எழுதினால் மறுப்பான், எழுதவில்லை.

கம்பத்தைப் புதிய இடத்தில் நாட்ட நேரமில்லை, ஏற்றம் தொடங்கிவிட்டது. கொடியை ஒரு மூங்கிலில் கட்டச் சொல்லிக் கைகாட்டினேன். பட்டம்மாள் புதிய வாயின் ஓரத்தில் மார்பளவு நீரில் நின்று தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள். நான் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு கரைவழியே தெற்கே நடந்தேன்.

"தெக்க! இன்னும் தெக்க! அய்ய, ரொம்பப் போயிட்ட, வடக்க வா! நில்லு! அங்கயே நில்லு!"

நின்றேன்.

வெயில் ஏறியபோது வடக்கே படகுகள் தெரிந்தன. நான்கு எண்ணினேன், பிறகு ஐந்து, ஆறு. முன்னே வந்தது வைரக்கண்ணுவினுடையது; அதன் நீலப் பூச்சைப் பட்டம்மாள்தான் முதலில் கண்டாள். குந்தியிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

படகு பழைய வாய்க்கு நேராக வந்தது. பழக்கம் கையில் இருக்கிறது. கண் பிறகுதான் பார்க்கும். அவன் கொடியைத் தேடியிருப்பான். இருக்கும் இடத்தில் காணாமல் குழம்பியிருப்பான். விசை குறையவில்லை. மேட்டின் மேல் நீர் பச்சையாக, எவ்விதக் குற்றமும் இல்லாததுபோலக் கிடந்தது. கரையோடு எல்லோரும் கத்தத் தொடங்கினார்கள். அலை அத்தனையையும் விழுங்கிற்று.

நானும் வாய் திறந்தேன். பத்தாயிரம் பேர் கூட்டத்தில் ஒலிவாங்கி நின்றுபோனபோதும் கடைசி வரிசைக்குக் கேட்க வைத்த தொண்டை இது. 'தெற்கே' என்று ஒரு சொல். அவ்வளவுதான் தேவை.

என்ன வந்தது என்பதை எழுத வேண்டியதில்லை. அருகில் நின்ற தில்லையன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வாயை மூடிக்கொண்டு மூங்கிலை இரு கைகளாலும் தலைக்கு மேல் தூக்கினேன். காற்று கொடியை விரித்தது. படகின் மூக்கு அசைந்தது. சற்றே தெற்கே திரும்பியது; தயங்கியது; மேலும் திரும்பியது. அவன் கண்டுவிட்டான். பின் அவன் செய்ததெல்லாம் இத்தனை ஆண்டும் செய்ததுதான்: கொடியையும் தொட்டியையும் ஒட்ட வைத்தான். ஆழத்தில் அலை உடையாமல் சுருண்டு, படகைத் தூக்கி உள்ளே வைத்தது. பின்னே ஒவ்வொன்றாக மற்ற ஐந்தும் வந்தன.

ஐந்தும் வந்துகொண்டிருக்கும்போதே தில்லையன் மூங்கிலை வாங்கிக்கொள்ள வந்தான். கொடுக்கவில்லை. கடைசிப் படகு வரும்வரை அசையக் கூடாது. நான் அசைந்தால் வழி அசையும்.

வைரக்கண்ணு இறங்கி நடந்து வந்தான். பெயர்ந்து கிடந்த படிக்கட்டைப் பார்த்தான், கம்பத்தைப் பார்த்தான், பழைய வாயின் மேல் வெள்ளையாக உடைந்த ஓர் அலையைப் பார்த்தான். சிரிக்க முயன்றான்.

"ஏன் மச்சான், எங்க கட்சி ஆளுவோள அலைய வைக்கிறதுக்குன்னே கொடியத் தூக்கிக்கிட்டு அலையிறீங்களா?"

பட்டம்மாள் ஈரப்புடவையோடு வந்து அவன் மார்பில் ஒரு குத்து விட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். "வாயத் தொறந்தியா?" என்றாள்.

இல்லை என்று தலையசைத்தேன்.

"நான் பாத்தன், அண்ணே" என்றாள்.

கார்த்திகை 18, வியாழன்

தஞ்சைக்குப் போய் வந்தோம். வைரக்கண்ணு துணை வந்தான். போகும்போது என் தலைவர்களில் மிச்சமிருந்தவர்களையும் உரித்து முடித்தான்.

மருத்துவர் நெடுநேரம் பேசினார். எழுத வேண்டிய அளவுக்கு ஒன்றுமில்லை. தைத் திங்களில் கதிர்வீச்சுப் பண்டுவம் தொடங்க வேண்டும். அடிக்கடி வர வேண்டும். எப்போது பேசலாம் என்று எழுதிக் கேட்டேன். "அதை அப்புறம் பார்ப்போம், ஐயா" என்றார். இனிய மனிதர்.

திரும்பும் பேருந்தில் வைரக்கண்ணு ஒரு சொல்லும் பேசவில்லை. திருவாரூர் தாண்டியதும் என் தோளில் கை வைத்தான். இறங்கும்வரை எடுக்கவில்லை. அவனுக்கு என்னவோ களைப்பு.

கார்த்திகை 25, வியாழன்

மழை. பட்டம்மாளின் வீட்டுக் கூரை ஒழுகுகிறது. ஏறி ஓடு மாற்றினேன்.

தில்லையன் வந்தான். கொடிமரத்தைப் புதிய இடத்தில் நாட்ட வேண்டும், ஐந்து படிக்கட்டு, பளிங்குக் கல்வெட்டு என்றான். அதைத் தாளில் ஒரே வரியில் மறுத்தேன். படித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பார்த்தான். மறுபக்கம் வெறுமையாக இருந்தது.

"அவ்வளவுதானா அண்ணே?"

அவ்வளவுதான்.

மார்கழி 3, வெள்ளி

இதுவரை மூங்கிலில் நின்ற கொடி இன்று கம்பத்தில் ஏறியது. கம்பத்தை ஓர் இரும்புப் பீப்பாயில் நிறுத்தி, உள்ளே மணலை இட்டு இறுக்கினோம். காரை பூசவில்லை. வாடைக்காற்றில் வாய் தெற்கே நகரும்; கோடைக்காற்று பிறந்தால் மணல் வடக்கே திரும்பும், வாயும் திரும்பும். பீப்பாயும் அதனோடு போகும்.

தில்லையன் ஒலிவாங்கி வைத்திருந்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு பார்க்காததுபோல் இருந்தார்கள். நான் எழுதிக் கொண்டுபோன தாளை வைரக்கண்ணுவிடம் நீட்டினேன். எதிர்க்கட்சிக்காரன் எங்கள் மேடையில் ஏறுவதா என்று முணுமுணுப்பு எழுந்தது.

"ஏறல, கீழேருந்தே படிக்கிறன்" என்றான். படித்தான். "'தள்ள வேண்டிய நேரத்தில் யார் வேண்டுமானாலும் தள்ளுங்கள்.'" தாளைத் திருப்பிப் பார்த்தான். "அட, எனக்கே புரியுது!"

சிரிப்பு எழுந்தது. கைதட்டல் குறைவுதான்.

நேற்றைய முழுநிலா ஏற்றத்தில் வாய் மேலும் கொஞ்சம் தெற்கே ஒதுங்கியிருக்கிறது. கூட்டம் முடிந்ததுமே தள்ள வேண்டிவந்தது. எங்கள் ஆட்கள் ஒரு பக்கமும் அவர்கள் ஆட்கள் மறுபக்கமும் பீப்பாயைப் பிடித்துக்கொண்டு, யார் கூடுதலாகத் தள்ளுகிறார்கள் என்று வழக்காடத் தொடங்கினார்கள். எங்கே நிறுத்துவது என்பதற்கு முதலில் ஓர் ஆள் நின்று பார்க்க வேண்டும்.

வைரக்கண்ணு சிறு படகில் வாய்க்கு வெளியே போய்த் திரும்பி நின்றான். இரு கைகளையும் வாயருகே குவித்தான்.

"மச்சான்! நீங்க வந்து நில்லுங்க!"

போனேன்.

"தெக்க! இன்னும் கொஞ்சம்! இன்னும்! ஆங், அதான், அதான்! அசையாதீங்க!"

தொட்டி எனக்குப் பின்னே எங்கோ நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கையை உயர்த்தினேன். படகு என்னை நோக்கி நேராக வந்தது.